யுவாஸ்கூலாவுக்குப் போகாத பெரியம்மா

அந்தச் சாம்பல் நிறக் காலுறை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? கத்திரி வெயிலில், வராந்தாவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஒரு வெள்ளைக்காரி கம்பளிக் காலுறை பின்னினாள். நாம் சுற்றி நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆவடி குவார்ட்டர்ஸில் நம்மோடு வளர்ந்த ஒருவரும் அதை மறந்திருக்க முடியாது. மறந்திருந்தால் மூளைக்குக் கொஞ்சம் சாணை பிடியுங்கள், ஐம்பதைத் தாண்டிவிட்டோம்.

நான் மறக்கவில்லை, ஏனென்றால் அந்த வராந்தா பெரியம்மாவுடையது, எனக்குப் பக்கத்து வீடு. போதாக்குறைக்கு இந்த மாதம் அந்தக் காலுறை திரும்ப என் கைக்கு வந்தது. அது எப்படி வந்தது என்று சொல்வதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நம் வாட்ஸப் குழுவில் நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு புத்தி சொன்னீர்களே, அதற்குப் பதிலும் இதுதான்.

பெரியம்மாவை முதலில் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினால் அவர்களுக்கும் புரியட்டும். நம் வரிசையில் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர் ஒருவர்தான். நம் அப்பாக்கள் எல்லாம் திருநெல்வேலி, சேலம், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ பேக்டரி வேலைக்கு வந்து இறங்கியவர்கள். பெரியம்மா சேக்காட்டுக்காரர். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் இரக்கப்பட்டு அவருக்கு வேலை கொடுத்தார்கள், பட்டாளத்துக்கு உடுப்பு தைக்கிற இடத்தில். அதிலும் பனிமலையில் காவல் நிற்கிற சிப்பாய்களுக்கான தடிக் கோட்டுப் பிரிவு. மே மாதத்தில் கழுத்து வரைக்கும் பஞ்சு அடைத்த கோட்டை மடியில் போட்டுக்கொண்டு தைக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது ரவிக்கை முழுக்க நனைந்திருக்கும்.

"நான் தெச்ச கோட்டு மலை மேல பனியில நின்னுகினு கீது. நான் இன்னும் ஐஸ்காரன் பொட்டிய தவுர வேற பனி பாக்கல" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். ஆனால் அது வெறும் வேடிக்கைப் பேச்சு இல்லை. சிப்பாய்கள் படம் போட்ட பழைய காலண்டர் ஒன்றை அவர் கிழிக்காமல் வைத்திருந்தார். நாம் போனால் அந்தப் படத்தில் இருக்கிற கோட்டின் தோள்பட்டையைக் காட்டி, இந்த இடத்தில் தையல் பிரிந்தால் உள்ளே காற்று புகுந்துவிடும், பிரிந்ததா இல்லையா என்று யாரும் வந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்பார். நிஜமான கவலை.

அவருக்கு ஒரே பிள்ளை. நமக்கெல்லாம் அண்ணன். நன்றாகப் படித்து, உதவித்தொகை கிடைத்து, பின்லாந்து என்ற தேசத்துக்கு மேல்படிப்புக்குப் போனார். எந்த ஊர் என்று குழாயடியில் கேட்டதற்கு பெரியம்மா திணறித் திணறி ஒரு பெயர் சொன்னார். "யுவா... ஸ்கூலா." அவ்வளவுதான், வரிசை முழுக்கப் பரவிவிட்டது, பையன் இன்னும் ஸ்கூலில்தான் இருக்கிறான் என்று. கீழ்வீட்டு மாமி என் அம்மாவிடம், "காலேஜ் முடிச்சவனை மறுபடியும் ஸ்கூல்ல உட்கார வச்சுட்டாளாமே, பாவம்" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அண்ணன் நான் சொன்ன அந்தக் கோடை விடுமுறையில்தான் திரும்பி வந்தார். கூடவே ஒரு பெண். அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்துவிட்டார், கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாராம். பெரியம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றார். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, தையல் கடைக்கு வந்த துணியைப் பார்க்கிற மாதிரி மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பெண் வாசலிலேயே குனிந்து, யாரும் சொல்லாமல், செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். "பரவால்ல, செருப்ப கழட்டத் தெரியுது" என்றார் பெரியம்மா. அண்ணி அந்த வீட்டுக்குள் நுழைந்தது அந்த ஒரு மதிப்பெண்ணோடுதான்.

அண்ணிக்குப் புருவம் கூட வெளுப்பு. பேச்சு மிகக் கம்மி. இங்கிலீஷ் தெரியும், ஆனால் பேச வெட்கம். நமக்கும் அதே கதிதான் என்பதால் எளிதாக ஒட்டிக்கொண்டாள். அண்ணன் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மொழிபெயர்ப்பார். அப்படித்தான் அந்த ஊர் நம் வராந்தாவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்து இறங்கியது.

ஊருக்கு நடுவிலேயே ஏரி. ஏரியைச் சுற்றி ஊர், ஊரைச் சுற்றிக் காடு, காட்டுக்குள் மறுபடியும் ஏரிகள். பைன் மரங்களுக்கு நடுவே சிவப்புச் செங்கல்லில் பல்கலைக்கழகம், அதற்கு மதில் சுவரே கிடையாது. வாட்ச்மேன் இல்லாமலா என்று நாம் கேட்டோம். நம் பேக்டரி கேட்டில் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டிவிட்டுப் போகிற அப்பாக்களுக்குப் பிறந்தவர்கள் நாம், மதில் இல்லாத இடத்தை எப்படி நம்புவோம்? காட்டில் பழம் பழுத்தால் யார் வேண்டுமானாலும் போய்ப் பறிக்கலாம், காடு யாருடையது என்று கேட்க வேண்டாம் என்றாள். கோடையில் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போதும் வெளிச்சம் இருக்கும், ஜன்னலுக்குத் தடித் திரை போட்டுத்தான் தூங்குவோம் என்றாள். வாத்தியார் மகன் எழுந்து நின்று, "அண்ணே, அண்ணி ரீல் உடறாங்க" என்று தீர்ப்பு சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அவன் இப்போது இந்தக் குழுவில்தான் இருக்கிறான், மறுக்கட்டும் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஊரில்தான் அவர்கள் பேச்சிலேயே பாடம் நடத்துகிற பள்ளிக்கூடமும், வாத்தியார்களைப் பழக்குகிற கல்லூரியும் முதலில் வந்தனவாம். அதற்கு முன்னால் படித்தவன் என்றால் பக்கத்து தேசத்து மொழியில்தான் பேச வேண்டும், அதுதான் துரைமார் பேச்சு. அண்ணியின் அம்மாவும் பள்ளிக்கூட டீச்சர். அண்ணன் அதை விளக்கியபோது எனக்கு உடனே விளங்கிவிட்டது. நான் தமிழ் மீடியம். தெருவின் அந்தக் கோடியில் கான்வென்ட் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தவள். எங்கோ ஓர் ஊரில் மொத்தப் பேரும் அவரவர் பேச்சு மீடியம் என்று கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. பின்னால் நான் தமிழ் டீச்சரானதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஊர்ப்பெயரில் 'யுவா' என்பது தானிய மணி, 'கூலா' என்பது கிராமம் என்று அண்ணி சொல்லியிருந்தாள். தமிழில் கூலம் என்றால் தானியம் என்று படித்த அன்று வகுப்பிலேயே சிரித்துவிட்டு அடி வாங்கினேன்.

ஒரு மாலை அண்ணியை ஏரிக்குக் கூட்டிப் போனோம். கோடை, ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பையன்கள் நடுவில் ஸ்டம்பு நட்டிருந்தார்கள். அண்ணி தண்ணீரைத் தேடினாள். பிறகு இறங்கி நடு ஏரி வரைக்கும் நடந்து போய் நின்று, அண்ணனிடம் ஏதோ சொன்னாள். "எங்க ஊர்லயும் ஏரி மேல நடப்போம், இதே மாதிரி பசங்க விளையாடுவாங்க, ஆனா அங்க தண்ணி கல்லு மாதிரி உறைஞ்சு போயிருக்கும்னு சொல்றா" என்றார் அண்ணன். நாம் எல்லோரும் காலுக்குக் கீழே பார்த்தோம். பெரியம்மாவும் வந்திருந்தார். அவர் மட்டும் சேற்றுப் பாளத்தைக் காலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். திரும்பி நடக்கையில், "அது மேல நின்னா கால் எப்டி இருக்கும் நைனா, சில்லுனு ஏறுமா, இல்ல மரத்துப் பூடுமா?" என்று கேட்டார். ஆசை அன்றைக்குத்தான் பிடித்திருக்க வேண்டும்.

அண்ணியின் பேச்சில் மூன்று சங்கதிகள் நம் வரிசையைப் பாடாய்ப் படுத்தின. ஒன்று 'ஏய்.' இன்னொரு தோசை வைக்கப் போனால் கையை நீட்டி "ஏய், ஏய்" என்பாள். மாமியாரைப் பார்த்து ஏய் என்கிறாளே என்று என் அம்மா பதறிப்போனார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவர்கள் பேச்சில் அது 'வேண்டாம்' என்றார். இரண்டாவது 'யோ.' யோ என்றால் ஆமாம், சரி. கீழ்வீட்டு மாமாவைப் பார்த்து மரியாதையாக "யோ, யோ" என்று தலையாட்டியதில், அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது, அந்த யோவையே சில சமயம் வெளியே சொல்லாமல் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வாள். விக்கல் மாதிரி ஒரு சத்தம். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம். அதைப் பெரியம்மாவிடம் விளக்க அண்ணனால் முடியவில்லை.

"எனுக்குத் தெரியாதா? இஸ்த்துகினு கீறா பாரு மூச்ச. இழுப்பு. குளிர் தேசத்துல பொறந்தவ, நெஞ்சுல சளி கட்டிகினு கீது" என்று சொல்லி, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துத் தினமும் கொடுத்தார். அண்ணி கண்ணில் நீர் வழியக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல, மறுபடியும் மூச்சை இழுத்து "யோ" என்பாள். பெரியம்மா அடுத்த நாள் மிளகைக் கூட்டுவார்.

மிட்டாய்க் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கறுப்பு மிட்டாயை அண்ணி நமக்கு ஆளுக்கொன்று கொடுத்தாள். வாயில் போட்டால் உப்பு, பிறகு ஒரு காரம், மூக்குக்குள் ஏறியது. நான் துப்பவும் முடியாமல் வீட்டுக்கு ஓடினேன். என் அப்பா பேக்டரியில் பற்றவைக்கிற பிரிவு. என் கையிலிருந்த மீதியை முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தவர், "ஏட்டி, துப்பு. இது நவச்சாரம்லா. ஈயம் பூசுததுக்குப் போடுதது. பிள்ளையளுக்குத் திங்கக் கொடுப்பாவளா இதை?" என்றார். அன்று முதல் அண்ணி கொடுக்கிற எதையும் வாங்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் உத்தரவு. இப்போது விசாரித்துவிட்டேன். அப்பா சொன்னது சரிதான். அதிமதுரமும் நவச்சாரமும் சேர்த்துத்தான் அந்த மிட்டாயைச் செய்கிறார்கள், அந்த ஊரில் பாட்டன் முதல் பேரன் வரைக்கும் அதற்கு உயிரை விடுகிறார்கள். விஷம் என்று நினைத்ததுதான் தப்பு. மிட்டாய் இருந்த கறுப்புப் பெட்டியில் நான் அஞ்சாங்கிளாஸ் முழுக்கப் பென்சில் வைத்திருந்தேன், குவார்ட்டர்ஸை விட்டு வரும்போது எங்கோ தொலைந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அவர்கள் கிளம்ப இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. பெரியம்மா நம்மை ரகசியமாகக் கூப்பிட்டார். "கண்ணுங்களா, எனுக்கு ஒரு இங்கிலீசு சொல்லிக் குடுங்க. உங்க ஊட்டுக்கு நான் வரட்டான்னு கேக்கணும்."

"அண்ணன் கிட்ட தமிழ்லயே கேளுங்களேன் பெரியம்மா" என்றேன்.

"அவன் வான்னுதான் சொல்லுவான், பெத்த புள்ள. அவன் கூப்ட்டு போனா விருந்தாளி. ஊட்டுக்காரி வாய்ல வந்தாதான் போயி ஒக்கார முடியும். மருமவ ஊட்ல மவன் பேச்ச நம்பி கால் வெச்சவ எவளாச்சும் நல்லா வாய்ந்தாளா, சொல்லு?"

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்று செக்‌ஷனில் விசாரித்தும் வைத்திருந்தார். பிள்ளையோடு இருக்க வேண்டும், பனியில் ஒரு தடவையாவது நிற்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவருக்கு அதைத் தவிர வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

நமக்குத் தெரிந்த முழு இங்கிலீஷ் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான், வகுப்பு வாசலில் நின்று கையை நீட்டிச் சொல்வது. அதையே சொல்லிக் கொடுத்தோம். கூட 'யுவர் ஹவுஸ்' என்று ஒட்டுப் போட்டோம். பெரியம்மா தையல் மிஷினை மிதித்துக்கொண்டே பாடம் செய்தார். மே ஐ கம் இன், யுவர் ஹவுஸ். மிஷின் ஓடுகிற தாளத்துக்கு அது சரியாகப் பொருந்தியது.

அண்ணன் டிக்கெட் விஷயமாக மவுண்ட் ரோடு போயிருந்த பகல். அண்ணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நாம் படியில். பெரியம்மா உள்ளேயிருந்து வந்தார், முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தி. அண்ணி எதிரில் நேராக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒரு எழுத்து பிசகாமல் கேட்டார். "மே ஐ கம் இன், யுவர் ஹவுஸ்?"

அண்ணி அவர் முகத்தைப் பார்த்தாள். புரிய ஒரு நிமிடம் ஆனது போலிருந்தது. பெரியம்மா விரலால் தன்னைக் காட்டி, வானத்தைக் காட்டி, ஏரோப்ளேன் மாதிரி கையை வீசினார். உடனே அண்ணி இரண்டு உள்ளங்கையாலும் தன் தொடையில் பட்டென்று தட்டிக்கொண்டு எழுந்தாள். "நோ நீன்" என்றாள். சிரிக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போய்ப் பரண் மேலிருந்த பெட்டியைக் கீழே இழுத்துப் போட்டாள்.

நமக்குக் கேட்டதும் அதுதானே? நோ. நீ. நோ என்ற இங்கிலீஷும் நீ என்ற தமிழும் ஆவடியில் யாருக்குப் புரியாது? பெரியம்மா கட்டிய கையைப் பிரிக்காமல் அப்படியே நின்றார். பிறகு, "கேட்டீங்க இல்ல? அத்தோட உடுங்க. அவன் காதுல போடாதீங்க" என்று நம்மிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை என்று பிறகு அண்ணன் சொன்னார்.

சாயந்திரம் அண்ணன் வந்தார். அண்ணி அவரிடம் ஏதோ சொல்ல, அவர் முகமெல்லாம் பல்லாக வந்து, "அம்மா, எங்களோடவே வந்துடேன்" என்றார். பெரியம்மா பொறுக்கிக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனுக்குக் குளிர் ஒத்துக்காது நைனா. நீங்க நல்லா இருங்க." மனைவி வேண்டாம் என்றதை மகன் பூசி மெழுகுகிறான் என்று பெரியம்மா கணக்கு. அம்மாவுக்கே இஷ்டமில்லை போலிருக்கிறது என்று அண்ணன் கணக்கு. அண்ணி அப்போது வராந்தாவில் சாம்பல் நிற நூலை வைத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். அண்ணன் போய்ச் சொன்னதும் ஊசியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பின்னினாள்.

கிளம்புகிற அன்று அந்தக் காலுறை ஜோடியைப் பெரியம்மாவின் மிஷின் மேல் இரண்டு கையாலும் வைத்துவிட்டுப் போனாள். "வராதேன்னுட்டு, குளிருக்குப் போட்டுக்க சாக்ஸ் குடுக்கறா. ஆவடியில எனுக்கு எதுக்கு இது?" என்றார் பெரியம்மா. ஆனால் தையல்காரி இல்லையா, விரலை உள்ளே விட்டு வரிசை வரிசையாகத் தடவிப் பார்த்து, "கை சுத்தம்" என்றும் சொன்னார். காலுறை ஒன்றில் மிஷின் எண்ணெய்ப் புட்டியும் இன்னொன்றில் கத்தரிக்கோலும் குடிபுகுந்தன.

அப்புறம் உங்களுக்குத் தெரியும். பெரியம்மா ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருநின்றவூரில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போனார். தங்கை மகள் கூட இருக்கிறாள். அண்ணன் இரண்டு மூன்று வருடத்துக்கொரு முறை வருவார், அண்ணி எப்போதாவது. போனில் அண்ணன் பேசும்போது அண்ணி பின்னாலிருந்து கையைக் காட்டுவாள், பெரியம்மா தலையை ஆட்டுவார். சண்டை இல்லை, உறவும் இல்லை. வாயேன்மா என்று அண்ணன் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

என் மகள் வெளிநாட்டில் படிக்கப் போகிறேன் என்று கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தபோது, யுவாஸ்கூலா இருக்கிறதா பார் என்றவள் நான்தான். எனக்கு எத்தனை வருடத்துத் தாகம் என்று அவளுக்குத் தெரியாது. அங்கே சேர்ந்துவிட்டாள். தினமும் போனில் எனக்கு அந்த ஊரைக் காட்டுவாள். உறைந்த ஏரி மேல் சறுக்கிக்கொண்டு போகிற பிள்ளைகள், ஏரிக்கரை ஓரமாகச் சைக்கிளில் போகிற பாட்டிகள், பனிச்சறுக்கில் குதிக்கிற உயரமான மேடை, பஸ்ஸில் இடம் இருந்தும் யார் பக்கத்திலும் உட்காராமல் நிற்கிற ஜனங்கள். அண்ணி சொன்னது எதுவும் ரீல் இல்லை. நான் ஐயப்பன்தாங்கலில் டிப்போ பஸ் சத்தத்துக்கு நடுவே அடுப்படியில் நின்று அத்தனையும் பார்த்தேன்.

போன மாதம் ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போது, அவள் தோழிகள் வந்து கூப்பிட்டார்கள். மகள் தொடையில் பட்டென்று தட்டிக்கொண்டு எழுந்தாள். "நோ நீன்" என்றாள்.

எனக்குக் கையிலிருந்த கரண்டி நழுவியது. "எதுக்குடி நோங்கிற? போக மாட்டேங்கிறியா?"

"நோ இல்லம்மா. நோ நீன். சரி, ஆகட்டும், கிளம்பலாம்னு அர்த்தம். இங்க எதை ஆரம்பிச்சாலும் இதைத்தான் சொல்வாங்க. வேணாம்னா ஏய்னு சொல்வாங்க."

ஏய். அது நமக்குத் தெரியுமே. தோசை வேண்டாம், சட்னி வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஏய் சொன்னவள், அந்த ஒரு தரம் மட்டும் எதற்கு இங்கிலீஷில் நோ சொல்லப் போகிறாள்? அது ஒருவருக்கும் தோன்றவில்லை, பெரியவர்களுக்கும் சரி, நமக்கும் சரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் பயந்துபோனாள்.

மறு வாரமே அவளை அதே ஊரில் இருக்கிற அண்ணி வீட்டுக்கு அனுப்பினேன். அண்ணி மறக்கவே இல்லையாம். அத்தை கேட்டதும் சந்தோஷத்தில் வாய் தன் பேச்சுக்குப் போய்விட்டது, உடனே காலுறை பின்ன நூல் எடுக்கப் பெட்டியை இறக்கினேன், முதல் குளிருக்குக் கால்தானே முக்கியம் என்றாளாம். பிறகு ஏன் மறுபடி கூப்பிடவில்லை என்று மகள் கேட்டதற்கு, "வரவில்லை என்று சொன்னவரை இரண்டாம் முறை கேட்பது எங்கள் ஊரில் மரியாதை இல்லை" என்று பதில். இங்கேயோ மூன்று தரம் கூப்பிடாவிட்டால் கூப்பிட்டதாகவே கணக்கு இல்லை.

அப்போதுதான் உங்களிடம் கேட்டேன், பெரியம்மாவிடம் சொல்லலாமா என்று. பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள். தொண்ணூறை நெருங்குகிறவரிடம் போய், உங்கள் வாழ்க்கை ஒரு வார்த்தையால் திசை மாறிவிட்டது என்று சொல்வது பாவம் என்று கீழ்வீட்டு மாமி மகள் எழுதினாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தப் பகல் முகம் கழுவி, நல்ல சேலை கட்டி வந்து நின்றவர், மருமகள் தன்னை வேண்டாம் என்றாள் என்ற நினைப்போடு போய்ச் சேரக் கூடாது. எனக்கு அது பொறுக்கவில்லை. ரயில் ஏறிவிட்டேன்.

பெரியம்மா ஜன்னலோரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணும் காதும் நன்றாகவே இருக்கின்றன, முழங்கால்தான் தகராறு. எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். பெரியம்மா கட்டிலில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நோன்னா வேணான்னு தானே?"

"இங்கிலீஷ்ல பெரியம்மா. அவங்க பேச்சுல, சரி, கிளம்பலாம்னு."

"அப்ப பொட்டிய எதுக்கு எடுத்தா?"

"உங்க காலுக்குப் பின்னறதுக்கு நூல் எடுக்க."

தங்கை மகளைக் கூப்பிட்டு மிஷின் டிராயரைத் திறக்கச் சொன்னார். ஒரு காலுறைதான் மிச்சம், இன்னொன்றை எலி தின்றுவிட்டதாம். கத்தரிக்கோலை உருவிவிட்டு என் கையில் கொடுத்தார். குதிகாலில் எண்ணெய்க் கறை, மற்றபடி ஒரு கண்ணி பிரியவில்லை. பிறகு அதை வாங்கித் தன் பாதத்தின் மேல் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. "அளவு எடுக்கவே இல்ல. கண்ணாலயே பாத்துகினு கீறா, பாவி. நானும் பாவிதான். வாயத் தொறந்து இன்னொரு தபா கேட்டிருந்தா இன்னா?" என்றவர், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார். "எல்லாம் உங்களால. நல்ல இங்கிலீசா சொல்லிக் குடுத்திருக்கலாமில்ல?"

அந்தப் பழியை உங்கள் எல்லோர் சார்பிலும் நானே வாங்கிக்கொண்டேன். அண்ணி வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அன்றைக்குப் போலவே அண்ணன் வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தார். அண்ணியின் தலைமுடி இப்போது புருவத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, அதற்கும் பின்னால் வெள்ளையாக ஏரி. பெரியம்மா போனைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"செவுத்துல மாட்டிகினு கீதே கோட்டு, அத்த திருப்பிக் காட்டச் சொல்லு. தோள்பட்ட தையல பாக்கணும்."

நான் சொன்னதும் அண்ணி எழுந்து போய்க் கோட்டை உள்பக்கம் திருப்பிக் காட்டினாள். பெரியம்மா அதை ஆற அமரப் பார்த்தார். "பரவால்ல. காத்து பூராது" என்றார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ஞாபகமூட்டவும் இல்லை.

"மே ஐ கம் இன், யுவர் ஹவுஸ்?"

அண்ணியின் வாய் கோணியது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, விக்கல் மாதிரி ஒரு சத்தத்தில், "யோ" என்றாள்.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா, இழுப்பு இன்னும் போவல இவளுக்கு. நாந்தான் போயி சுக்கு வெச்சுக் குடுக்கணும்."